‘மூவர்’ என்றால் எந்த மூவர்? மூன்றைத் தொகுக்கும் சொற்களைப் பிழையில்லாமல் படிக்க ஒரு வழிகாட்டி

‘மூவர்’ என்ற சொல் எத்தனை பேர் என்பதை மட்டுமே சொல்லும். யார் யார் என்று சொல்லாது. எழுதியவர் தம் காலத்து வாசகருக்கு அது தெரியும் என்று நம்பி விட்டுவிடுகிறார். இன்று படிக்க வருபவர் தமக்குப் பழகிய மூன்று பெயர்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்கிறார். பிழை தொடங்குவது இங்கேதான். மூவருலாவைச் சேர சோழ பாண்டியர் மீது பாடிய நூல் என்று எழுதுவதும், யானையின் மும்மதத்தை மூன்று சமயங்கள் என்று விளக்குவதும் இப்படி வந்தவையே.

முத்தமிழ், முப்பால், மும்மணி, முக்குற்றம் எல்லாம் இதே வகைச் சொற்கள். இவற்றைத் தொகைச் சொற்கள் என்பார்கள். இலக்கியம், கோயில், மருத்துவம், செய்தித்தாள் எதைப் படித்தாலும் எதிர்ப்படும். கீழே உள்ள வரிசையில் சோதித்தால் பெரும்பாலானவற்றை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம்.

படி 1: சொல்லுக்குள் மூன்று இருக்கிறதா?

‘மூன்று’ இன்னொரு சொல்லோடு சேரும்போது உருமாறும். பின்னால் உயிரெழுத்தோ வகரமோ வந்தால் பெரும்பாலும் நெடிலாக ‘மூ’ என்று நிற்கும்: மூவர், மூவுலகு, மூவெயில், மூவேந்தர், மூவகை. க, ச, த, ப, ந, ம வந்தால் ‘மு’ என்று குறுகி, அடுத்த மெய் இரட்டிக்கும்: முக்கனி, முச்சந்தி, முத்தமிழ், முப்பால், முந்நீர், மும்மலம்.

ஆனால் இந்த உருவம் உள்ள சொற்களிலெல்லாம் மூன்று இருக்கும் என்று நம்பக் கூடாது. முக்கியம், முத்து, முத்தம், மும்முரம் எதிலும் மூன்று இல்லை. எளிய சோதனை ஒன்று உண்டு. முன்பாதியை எடுத்துவிட்டு ‘இரு’, ‘நால்’, ‘ஐம்’ போட்டுப் பாருங்கள். முக்காலி நாற்காலி ஆகும், முச்சந்தி நாற்சந்தி ஆகும், முப்பால் ஐம்பால் ஆகும். மும்முரத்தை ஐம்முரம் ஆக்க முடியாது. மாற்றிப் போட்டும் பொருள் நின்றால் அங்கே எண் இருக்கிறது.

இந்தச் சோதனைக்கும் பிடிபடாத பொறிகள் மூன்று.

முதலாவது ‘முன்’. முன்னாள் என்றால் முற்பட்ட நாள். முந்நாள் என்றால் மூன்று நாள். ஒலியில் வேறுபாடு தெரியாது. எழுத்தில் ன்ன, ந்ந என்பதுதான் வேறுபாடு. 300 என்ற எண்ணைப் பலர் ‘முன்னூறு’ என்று எழுதுகிறார்கள். அது மூன்று + நூறு, ஆகவே முந்நூறு. பறம்புமலையை முற்றுகையிட்ட வேந்தர்களிடம் கபிலர் சொல்லும் புறநானூற்று 110ஆம் பாட்டில் ‘முந்நூறு ஊர்த்தே தண்பறம்பு நன்னாடு’ என்று வருகிறது. அந்த அடியை நினைவில் வைத்துக்கொண்டால் எழுத்துப்பிழை வராது.

இரண்டாவது ‘மூவா’. மூத்தல் என்ற வினையின் எதிர்மறை இது. முதுமை அடையாத என்று பொருள். சீவக சிந்தாமணியின் கடவுள் வாழ்த்து ‘மூவா முதலா உலகம் ஒரு மூன்றும் ஏத்த’ என்று தொடங்குகிறது. முதல் சொல்லில் மூன்று இல்லை. அதே அடியில் ‘உலகம் ஒரு மூன்றும்’ என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் பயிற்சிக்கு இதைவிட நல்ல அடி கிடைப்பது அரிது.

மூன்றாவது ‘முத்தி’. வீடுபேறு என்ற பொருளில் வரும் முத்தி வடசொல்லின் தமிழ் உருவம். ஈற்றெழுத்து நெடிலாகி ‘முத்தீ’ என்று வந்தால்தான் வேள்விக்குரிய மூன்று தீ. புறநானூறு 2இல் இமயத்துச் சாரலில் மான்கள் அந்தணரின் ‘முத்தீ விளக்கில்’ உறங்குகின்றன. பழைய பதிப்பைத் தட்டச்சு செய்யும்போது ஒரு சுழி விடுபட்டால் பொருளே மாறிவிடும்.

‘திரி’ என்ற வடமொழி முன்னொட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். திரிசூலம், திரிபுரம், திரிவேணி ஆகியவற்றில் மூன்று உண்டு. விளக்குத் திரியில், பால் திரிவதில், மாவு அரைக்கும் திரிகையில் இல்லை. ஊர்ப்பெயர்களில் திரி, திரு குழப்பம் மிகுதி. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள திரிபுவனம் மூன்று உலகத்தைக் குறிப்பது; மூன்றாம் குலோத்துங்கன் எடுப்பித்த கோயில் அங்கே இருக்கிறது, அவன் விருதுப்பெயர் திரிபுவனவீரன். கீழடிக்குப் பக்கத்தில் உள்ள திருப்புவனம் தேவாரத்தில் திருப்பூவணம். அது திரு + பூவணம். மூன்றுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

படி 2: எண்ணிக்கையா, தொகையா?

மூன்று இருக்கிறது என்று உறுதியானதும், அது வெறும் கணக்கா, பெயர் குறித்த தொகுதியா என்று பாருங்கள். தில்லை மூவாயிரவர் என்பது 3000 பேர். மூவாறு என்பது 18, மூவைந்து 15, மூவேழ் 21. செய்யுளில் எண்ணுக்குப் பின் எண் வந்தால் முதலில் பெருக்கிப் பாருங்கள். செய்தித்தாளில் ‘மூவர் கைது’ என்றால் மூன்று பேர், அவ்வளவே. அங்கே எந்த மரபுப் பட்டியலையும் தேட வேண்டாம்.

‘மூவிரும்’ என்று வந்தால் முன்னிலை: ‘நீங்கள் மூவரும்’. மேலே சொன்ன கபிலர் பாட்டில் ‘கடந்தடு தானை மூவிரும் கூடி’ என்பது எதிரே நிற்கும் மூன்று வேந்தர்களை நோக்கிச் சொன்னது. விகுதியைக் கவனித்தாலே யாரிடம் பேசுகிறார் என்பது விளங்கும்.

படி 3: நூல் எந்தத் துறை, எந்தக் காலம் என்று பிடியுங்கள்

அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஆகவே நிதானமாகப் பார்ப்போம். ‘மூவர்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம்.

சங்கப் பாடல்களில் மூவர் என்றால் பெரும்பாலும் சேர, சோழ, பாண்டியர். முதலில் அவர்களைப் போட்டுப் பார்க்கலாம். அருகில் வில், புலி, கயல் என்ற சின்னங்களோ, பனம்பூ, ஆத்தி, வேம்பு என்ற கண்ணிகளோ, வஞ்சி, உறையூர், மதுரை என்ற தலைநகரங்களோ வந்தால் உறுதி செய்துகொள்ளலாம்.

சோழர் காலத்துக்கு வந்தால் நிலைமை மாறும். ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் வரும் மூவரும் சோழர்களே: விக்கிரம சோழன், அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன், பேரன் இரண்டாம் இராசராசன். 12ஆம் நூற்றாண்டில் அடுத்தடுத்து ஆண்ட மூன்று தலைமுறை. மூவருக்கும் தனித்தனி உலா பாடப்பட்டது. மூன்று உலாக்களும் சேர்ந்த தொகுப்புக்கு மூவருலா என்று பெயர். முதலாம் இராசராசனின் விருதாகிய ‘மும்முடிச் சோழன்’ என்பதில் ஆள் ஒருவன், முடிதான் மூன்று. சேர, சோழ, பாண்டிய முடிகள் என்பது வழக்கமான விளக்கம். அவன் படை வென்ற ஈழப் பகுதி கல்வெட்டுகளில் ‘மும்முடிச் சோழ மண்டலம்’ ஆனது இந்த விருதால். இதைப் பார்த்து அந்த மண்டலத்தை மூன்று அரசர்கள் ஆண்டதாக எழுதிவிடக் கூடாது.

புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூரில் மூவர் கோயில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் மும்மூர்த்திகளைத் தேடுகிறார்கள். இருக்குவேளிர் மரபைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகிய இருவர் பெயராலும் எடுத்த மூன்று சிவன் கோயில்கள் அவை. வரிசையில் வடகோடிக் கோயிலுக்கு அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. நடுவிலும் தெற்கிலும் உள்ள இரண்டுதான் முழுமையாக நிற்கின்றன. இரண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் பொருந்தவில்லையே என்று திகைப்பவர்கள், பக்கத்தில் உள்ள அடித்தளத்தையும் எண்ண வேண்டும்.

சைவத்தில் மூவர் என்றால் சம்பந்தர், அப்பர், சுந்தரர். திருமுறைகளில் 1 முதல் 3 வரை சம்பந்தர், 4 முதல் 6 வரை அப்பர், 7ஆவது சுந்தரர். ‘மூவர் பாடல் பெற்ற தலம்’ என்று பலகையில் இருந்தால் இந்த மூவரும் அத்தலத்தைப் பாடியிருக்கிறார்கள் என்று பொருள். ஔவையார் நல்வழியில் ‘மூவர் தமிழும் முனிமொழியும்’ என்று சொல்வதும் தேவாரத்தையே. மாணிக்கவாசகரைச் சேர்த்தால் ‘நால்வர்’. அதே வெண்பாவில் திருவாசகத்தைத் தனியாகச் சொல்லிவிடுவதால், மூவரில் மாணிக்கவாசகர் இல்லை என்பதற்குப் பாட்டே சாட்சி.

இப்போது முக்கியமான திருப்பம். சைவ நூல்களுக்குள்ளேயே பாடலின் உள்ளே ‘மூவர்’ வந்தால் பெரும்பாலும் பிரமன், திருமால், உருத்திரன். திருவாசகத்துத் திருப்பள்ளியெழுச்சியில் ‘மூவரும் அறிகிலர் யாவர்மற் றறிவார்’ என்ற இடத்தில் சம்பந்தர், அப்பர், சுந்தரரைப் போட்டால் பொருள் கெடும். பாடலைப் பற்றிப் பிறர் பேசும்போது மூவர் என்றால் பாடியவர்கள். பாடலுக்குள் மூவர் என்றால் தெய்வங்கள். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் சைவ நூல்களில் பாதிக் குழப்பம் தீரும்.

வைணவத்தில் ‘முதலாழ்வார் மூவர்’ என்று அடைமொழியோடு வரும்: பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார். திருக்கோவலூரில் மழையிரவில் மூவரும் ஓர் இடைகழியில் சந்தித்ததாக மரபு. முதல், இரண்டாம், மூன்றாம் திருவந்தாதி என்ற வரிசையே அவர்களின் வரிசை.

இசை மேடையில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ‘மும்மூர்த்திகள்’ என்றால் சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர். மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். ‘தமிழ் மூவர்’, ‘சீர்காழி மூவர்’ அல்லது ‘ஆதி மும்மூர்த்திகள்’ என்றால் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை. தமிழ்க் கீர்த்தனையைப் பற்றிய பேச்சில் மூவர் வந்தால் இரண்டாவது பட்டியலை முதலில் சோதியுங்கள். மேடையில் அறிவிப்பு எழுதுகிறவர்கள் ‘மும்மூர்த்திகள்’ என்று மட்டும் எழுதாமல் எந்த மூவர் என்று சேர்த்து எழுதுவது சீர்காழி மூவருக்குச் செய்யும் நியாயம். அவர்கள் காலத்தால் முந்தியவர்கள். அவர்கள் பெயரே தெரியாமல் போவது வருத்தத்துக்குரியது.

காலம் மட்டுமல்ல, நாடும் பட்டியலை மாற்றும். ‘மூவின மக்கள்’ என்று இலங்கைச் செய்தியில் வந்தால் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள். மலேசியச் செய்தியில் வந்தால் மலாய்க்காரர், சீனர், இந்தியர். தமிழ் ஒன்றுதான், சொல்லும் ஒன்றுதான். செய்தி வந்த ஊரைப் பார்க்காமல் விளக்கம் எழுத முடியாது.

படி 4: ஒரே சொல்லுக்கு வேறு பட்டியல் உண்டா என்று சோதியுங்கள்

ஆட்களைவிடப் பொருள்களைத் தொகுக்கும் சொற்கள் இன்னும் வழுக்கும். அடிக்கடி ஏமாற்றும் சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

முப்பால் என்றதும் திருக்குறள் நினைவுக்கு வரும்: அறத்துப்பாலில் 38 அதிகாரம், பொருட்பாலில் 70, இன்பத்துப்பாலில் 25. ஆனால் தொல்காப்பியம் ஆய்த எழுத்தை ‘முப்பாற்புள்ளி’ என்கிறது. அங்கே பால் என்பது நூலின் பிரிவு அல்ல, பக்கம். ஃ என்ற வடிவில் மூன்று பக்கமும் புள்ளி நிற்பதைச் சொல்கிறது. ‘பால்’ என்ற பின்பாதிக்கே பல பொருள் இருப்பதுதான் காரணம். எனவே தொகைச் சொல் குழப்பினால் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதிக்கு அகராதி பாருங்கள்.

மதம் அப்படித்தான். விநாயகர் அகவலில் ‘மூன்று கண்ணும் மும்மதச் சுவடும்’ என்று வருகிறது. யானைக்கு மதநீர் ஒழுகும் மூன்று இடங்களை வைத்துக் கன்னமதம், கைமதம், கோசமதம் என்பார்கள். முகத்தில் அந்த நீர் வழிந்த தடம்தான் சுவடு. மும்மதப் பிரார்த்தனை என்று இன்றைய அழைப்பிதழில் வந்தால் இந்து, இஸ்லாம், கிறித்தவம். யானை, வேழம், களிறு, சுவடு என்ற சொற்கள் அருகில் இருந்தால் சமயத்தை மறந்துவிடுங்கள்.

மும்மணிக்கு மூன்று பட்டியல்கள். பௌத்தத்தில் புத்தம், தருமம், சங்கம். சமணத்தில் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். சிற்றிலக்கியத்தில் அது மூன்று வகைப் பா. மும்மணிக்கோவை ஆசிரியப்பா, வெண்பா, கட்டளைக் கலித்துறை என்ற வரிசையில் 30 பாடல்கள் அந்தாதியாகத் தொடுக்கப்படும். மும்மணிமாலையில் வெண்பா, கலித்துறை, ஆசிரியப்பா என்று வரிசை மாறும். கையில் உள்ள நூல் எது என்று தெரியவில்லையா? முதல் பாட்டு அகவலா (ஆசிரியப்பாவுக்கு இன்னொரு பெயர்), வெண்பாவா என்று பாருங்கள். அகவல் என்றால் கோவை, வெண்பா என்றால் மாலை.

முக்குற்றம் திருக்குறள் உரைகளில் காமம், வெகுளி, மயக்கம் (குறள் 360). சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம். வாதம், பித்தம், கபம் என்பவை இவற்றுக்கு இன்னொரு பெயர். ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்ற 941ஆம் குறளில் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்பது இந்த இரண்டாவது பட்டியல். ஆக, திருக்குறள் என்ற ஒரே நூலுக்குள் இரண்டு பட்டியல்களும் இருக்கின்றன! அதிகாரத் தலைப்பைப் பார்த்தால் தீர்ந்துவிடும். 360 மெய்யுணர்தலில், 941 மருந்தில் இருக்கிறது. சித்த மருத்துவ நூலைப் படிக்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: நாடியில் இம்மூன்றும் சம அளவில் இருக்க வேண்டியவை அல்ல. வாதம் 1 மாத்திரை (இங்கே நாடியை அளக்கும் அளவு) என்றால் பித்தம் ½, கபம் ¼ என்பதே இயல்பு. தொகையில் மூன்று என்றாலே சரிசமம் என்று எண்ணிவிடக் கூடாது.

சரிசமமாக வருவது திரிகடுகம்: சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சம எடை. திரிபலை என்றால் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய். சுக்கில் மேல்தோலையும் கடுக்காயில் கொட்டையையும் நீக்கிவிட்டே எடை போட வேண்டும். ‘சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு’ என்ற பழமொழி இதற்காக. நீக்காமல் நிறுத்தால் அளவு குறைந்துபோகும். திரிகடுகம் என்ற பெயரில் பதினெண்கீழ்க்கணக்கு நூலும் இருக்கிறது. நல்லாதனார் இயற்றியது, வெண்பா ஒவ்வொன்றிலும் மும்மூன்று பொருள். மருந்து மூன்று உடல்நோய் தீர்ப்பதுபோல் கருத்து மூன்று மனநோய் தீர்க்கும் என்பது பெயர்க் காரணம்.

முப்பொருள் சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம். அகப்பொருள் இலக்கணத்தில் முதல், கரு, உரி. முக்காலம் இலக்கணத்தில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். பூசையில் காலை, நண்பகல், மாலை.

முந்நீர் என்றால் கடல். மூன்று நீர் எவை என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போவதில்லை. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்று ஒரு விளக்கம். படைத்தல், காத்தல், அழித்தல் என்ற மூன்று தன்மை உடையது என்று இன்னொன்று. இத்தகைய இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்க வேண்டாம். இரண்டையும் எழுதிவிடுங்கள்.

முப்புரம் வேறு வகைச் சிக்கல். புராணத்தில் பொன், வெள்ளி, இரும்பால் ஆன பறக்கும் கோட்டைகள். சங்கப் பாட்டில் மூவெயில். ஆனால் திருமூலர், முப்புரத்தைச் சிவன் எரித்தான் என்று கதையாகச் சொல்கிறவர்களை மூடர்கள் என்று கடிந்து, ‘முப்புர மாவது மும்மல காரியம்’ என்கிறார். ஆணவம், கன்மம், மாயை என்ற பட்டியலை அங்கே கொண்டுவந்து வைக்கிறார். ஒரு தொகைச் சொல்லை இன்னொரு தொகைச் சொல்லாகப் படிக்கும் இந்த முறை சித்தர் பாடல்களில் வந்துகொண்டே இருக்கும். நேர்ப்பொருள் எது, ஆசிரியர் ஏற்றிய பொருள் எது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்றைய பொதுவாழ்க்கைச் சொற்கள் எளியவை. முப்படை: தரை, கடல், வான். பழைய நூல்களில் தேர், யானை, குதிரை, காலாள் என்று நாற்படை. மும்மொழிக் கொள்கை: வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம் என்பது 1968ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை இந்தி பேசாத மாநிலங்களுக்குச் சொன்ன வடிவம். தி.மு.க.வின் முப்பெரும் விழா: அண்ணா பிறந்த செப்டம்பர் 15, பெரியார் பிறந்த செப்டம்பர் 17, கட்சி தொடங்கிய 1949 செப்டம்பர் 17. நாள் இரண்டுதான், விழாக்கள் மூன்று.

படி 5: பெயர்களைப் போட்டு அடியை மறுபடி படியுங்கள்

ஊகித்த பட்டியலைப் பாட்டில் அந்தச் சொல் இருக்கும் இடத்தில் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். மூன்றுக்கும் வினை பொருந்த வேண்டும். ஒன்றுக்குப் பொருந்தி மற்ற இரண்டுக்குப் பொருந்தாவிட்டால் பட்டியல் தவறு. அடுத்த சில அடிகளில் அதே மூன்றில் ஒன்று தனியாகப் பேசப்படுகிறதா என்றும் பாருங்கள். நல்வழி வெண்பாவில் திருவாசகம் தனியே நின்றது போல.

படி 6: சரியான அகராதியைத் திறவுங்கள்

சாதாரண அகராதி முதல் பட்டியலைச் சொல்லி நின்றுவிடலாம். தொகைச் சொல்லுக்கென்றே தமிழில் பழைய கருவிகள் இருக்கின்றன. செய்யுளில் அமைந்த பழைய அகராதிகளாகிய நிகண்டுகள் அவற்றில் முதன்மையானவை. திவாகரம், சூடாமணி நிகண்டு ஆகியவற்றின் 12ஆம் தொகுதி, பல பெயர்களைக் கூட்டி ஒரு பெயராக வழங்கும் சொற்களுக்கு உரியது. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் தொகையகராதி ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி பல இடங்களில் மூன்றையும் பெயர் சொல்லி, நூல் மேற்கோளும் தருகிறது. மேற்கோள் எந்த நூலிலிருந்து வருகிறது என்பதே உங்களுக்குத் துறையைக் காட்டிவிடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் நிகண்டுகளையும் அகராதிகளையும் தேடலாம். தேடும்போது முந்நீர், முன்னீர் என்று இரண்டு எழுத்துமுறையிலும் போடுங்கள். பழைய பதிப்புகளில் ந், ன் இரண்டும் கலந்து கிடக்கும்.

படி 7: நீங்கள் எழுதும்போது

முதல் முறை சொல்லும்போது அடைமொழியோடு எழுதுங்கள்: தேவார மூவர், சீர்காழி மூவர், முதலாழ்வார் மூவர். பிறகு மூவர் என்று மட்டும் எழுதலாம். ஒரே கட்டுரையில் இரண்டு மூவர் வந்தால் கடைசிவரை அடைமொழியை விடாதீர்கள். ‘மூன்று மும்மூர்த்திகள்’, ‘மூன்று முக்கனிகள்’ என்று எண்ணை இரட்டிக்க வேண்டாம். ஆட்களுக்கு ‘மூன்று அமைச்சர்கள்’ என்பதைவிட ‘அமைச்சர் மூவர்’ என்பது தமிழுக்கு இயல்பு. பொருள்களுக்கு மூவர் வராது.

பயிற்சிக்கு விநாயகர் அகவலை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு மனப்பாடமாகவே இருக்கும். மூன்று வரும் இடங்களைக் கோடிட்டுக்கொண்டே போங்கள். மும்மதச் சுவட்டை மேலே பார்த்தோம். ‘முப்புரி நூல்’ என்பதில் புரி என்பது முறுக்கிய இழை. மூன்று இழைக்கும் தனித்தனிப் பெயர் தேட வேண்டாம். ‘முப்பழம்’ மா, பலா, வாழை. ‘மலமொரு மூன்றின் மயக்கம் அறுத்தே’ என்ற இடத்தில் சொல் பிரிந்து நிற்கிறது. மும்மலம் என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். ‘முன்னை வினையின் முதலைக் களைந்து’ என்ற அடியில் கோடிடாமல் கடந்துபோங்கள். அங்கே இருப்பது முன்னும் முதலும்தான், மூன்று இல்லை.